கார் பட்டறையில் தொடங்கிய போர்த்துகீசியம்: பிரேசில் பயிலரங்குகளில் மொழி பழகியவர்கள் உண்டா?

#1 சாம்பா தெரியாதவன் (சாவ் பாவ்லோ)

வணக்கம் மக்களே. சாவ் பாவ்லோவுக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க ஒரு மொழிச் செயலியில் "பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்" என்று தட்டிக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் எல்லாரும் ஆங்கிலம். வீட்டுக்குக் கீழே இருக்கும் ரொட்டிக் கடையில் விரலை நீட்டிக் காட்டுவதோடு என் போர்த்துகீசியம் முடிந்துவிடும்.

கூட வேலை பார்க்கும் ஒருவர், "இப்படியே போனால் ஆகாது, ஏதாவது ஒரு ஒஃபிசீனாவில் சேர்" என்றார். சனிக்கிழமை காலை வரைபடத்தில் தேடினேன், இரண்டு தெரு தள்ளி ஒன்று இருந்தது. போனால் ஒரு பழைய ஃபியட் ஜாக்கியில் தூக்கி நிற்கிறது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே "போயிஸ் நாவ்?" என்றார். என் காதில் விழுந்தது "நாவ்" மட்டும்தான். சரி, இல்லை என்கிறார் போல என்று "ஒப்ரிகாது" (நன்றி) சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம்தான் விளங்கியது. "போயிஸ் நாவ்" என்றால் "சொல்லுங்க, என்ன வேணும்" என்று அர்த்தம். அதற்கு எதிராக "போயிஸ் சிங்" என்று ஒன்று உண்டு, "ஆமா ஆமா, நடந்துட்டுத்தான் மறுவேலை" என்கிற கிண்டல் தொனியில். ஒஃபிசீனா என்றால் நம் பட்டறை. நாமும் கார் பட்டறை என்கிறோம், நாடகப் பட்டறை, கவிதைப் பட்டறை என்றும் சொல்கிறோம் இல்லையா? அதே கதைதான்.

கடைசியில் சேர்ந்தது எங்கள் பேட்டையிலேயே ஒரு சமூகக்கூடத்தின் சமையல் பட்டறை. பன்னிரண்டு பேர். பாதி அக்கம்பக்கத்துப் பிரேசில்காரர்கள், மீதி பொலிவியா, ஹெய்ட்டி, சிரியாவிலிருந்து வந்தவர்கள், அப்புறம் நான். நடத்துகிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. முதல் நாள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு பாலாடைக்கட்டியையும் துருவியையும் கையில் கொடுத்து "ஹாலா!" என்றார். துருவு என்று அர்த்தம். சொல்லின் தொடக்கத்தில் ர வந்தால் இவர்கள் ஹ என்பார்கள் என்று செயலி எனக்கு நாற்பது தடவை சொல்லியிருந்தது. துருவும்போதுதான் பதிந்தது.

என் கட்சி இதுதான்: கை வேலையாக இருந்தால்தான் நாக்கு அவிழும். "வாங்க, பேசிப் பழகுவோம்" என்று வட்டமாக உட்கார வைக்கும் இடங்களில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. உங்கள் அனுபவம் என்ன?

#2 தேஜோக்கரை (லிஸ்பன்)

நண்பரே, அந்த மெக்கானிக் கதை அருமை. ஆனால் கட்சியை ஒப்புக்கொள்ள மாட்டேன். சமையலறையில் கிடைப்பது கட்டளைச் சொற்கள்: துருவு, கிளறு, நிறுத்து. அதை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்க முடியுமா? நம் "க்காக"வுக்கு "போர்" எங்கே வரும், "பாரா" எங்கே வரும் என்று யார் சொல்லித் தருவார்கள்? போர்த்துகீசியத்தில் எதிர்காலத்துக்கு என்றே, "இனி நடந்தால்", "நடக்கும்போது" என்று சொல்ல, தனியாக ஒரு ஐயப்பாட்டு வினைவடிவம் இருக்கிறது. அன்றாடப் பேச்சில் ஸ்பானியம் அதைக் கைவிட்டுவிட்டது, இவர்கள் இன்னும் தினமும் பேசுகிறார்கள். அதெல்லாம் பாலாடைக்கட்டி துருவி வராது.

நான் இங்கே முறையாக வகுப்பில் படித்தவன். அதனால் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#3 ஜவ்வரிசி (சேலம்)

தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி, மன்னிக்கவும். நீங்கள் பாலாடைக்கட்டி துருவிச் செய்தது பாவ் ஜி கேஜு என்கிற சீஸ் ரொட்டிதானே? காணொளிகளில் பார்த்திருக்கிறேன். அது மரவள்ளி மாவு என்கிறார்கள். எங்கள் ஊரில் மரவள்ளி மாவு மூட்டை மூட்டையாக இருக்கிறது, ஜவ்வரிசி ஆலைகளே எங்களுக்கு ஊர் அடையாளம். இந்த மாவிலேயே செய்யலாமா?

#4 சாம்பா தெரியாதவன்

@ஜவ்வரிசி அண்ணே, தலைப்புக்கு உள்ளேயேதான் கேட்கிறீர்கள். மரவள்ளியே இந்தப் பக்கத்துப் பயிர்தானே, போர்த்துகீசியர் காலத்தில் கடல் தாண்டி நம்மிடம் வந்தது. அது இங்கே "மந்தியோக்கா". அதன் மாவுச்சத்து "பொல்வில்யு". அதில் இரண்டு வகை. "தோசி" என்பது அப்படியே எடுத்துக் காயவைத்தது, உங்கள் ஆலை மாவுக்குப் பக்கத்தில் வரும். "அஸேது" என்பது புளித்தது. மாவுச்சத்தை நீரில் ஊறவிட்டு நாள்கணக்கில் புளிக்க வைத்து, பிறகு வெயிலில் காயவைப்பார்கள். அந்தப் புளிப்பும் வெயிலும் சேர்ந்துதான் ஈஸ்ட்டோ சோடாவோ இல்லாமல் அடுப்பில் பொங்க வைக்கிறது. தோசியில் மட்டும் செய்தால் மெத்தென்று இருக்கும், அஸேது கலந்தால் மொறுமொறுப்பும் உள்ளே காற்றறையும் வரும். பாலும் எண்ணெயும் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்ற வேண்டும், ஆறியபின் முட்டை, பாலாடைக்கட்டி.

@தேஜோக்கரை கட்டளைச் சொற்கள் மட்டும்தான் கிடைக்கும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு சொல் சொல்கிறேன்: "போன்த்து". அகராதியில் புள்ளி என்று போட்டிருக்கும். பேருந்து நிறுத்தமும் போன்த்து, அலுவலக வருகைப்பதிவும் போன்த்து, எம்பிராய்டரித் தையலும் போன்த்து. எங்கள் பட்டறை அம்மா பிரிகதேய்ரு என்ற இனிப்புக்குப் பாலைக் கிண்டிக்கொண்டே "இன்னும் போன்த்து வரவில்லை" என்றபோது நான் எந்தப் பேருந்து என்று யோசித்தேன். பிறகு கரண்டியை ஓர் இழுப்பு இழுத்துச் சட்டியின் அடி தெரிவதைக் காட்டினார். அட, பதம்! பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பார்களே, அதேதான். எந்த வகுப்பில் இது ஐந்து விநாடியில் புரியும்?

#5 ரோதை (ரொறொன்ரோ)

நான் மட்டக்களப்பு. ரொறொன்ரோவில ஆறு வருசமாக் கபொயேரா பழகிறன், பாட்டோட ஆடுற பிரேசில் சண்டைக்கலை. இஞ்ச டன்டாஸ் வீதி மேற்கில போர்த்துகீசியர் கனகாலமாக இருக்கினம், எங்கட வகுப்புக்கு வாறது பிரேசில் ஆக்கள்.

முதல் நாள் மாஸ்டர் எல்லாரையும் வட்டமாக நிக்கச் சொல்லி "ஹோடா, ஹோடா" எண்டு கத்தினார். வட்டம் எண்டு விளங்கிச்சு. வீட்ட போய் அது எப்பிடி எழுதுறது எண்டு பாத்தால், தொடக்கத்தில ர. ஹோடா இல்லை, ரோதா. எங்கட ஊரில சில்லுக்கு ரோதை எண்டுதான் சொல்லுறது! சின்னனில மாட்டுவண்டி ரோதையைப் பிடிச்சுத் தொங்கினவள் நான். 500 வருசம் பழைய சொந்தக்காரனைப் பனிக்குள்ள கண்ட மாதிரி இருந்திச்சு. என்ர பயனர் பேர் அப்பிடி வந்ததுதான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலயும் ஒண்டு சிக்கும். கதேய்ரா எண்டால் கதிரை. சப்பாத்து எண்டால் சப்பாத்துத்தான். பாண், வாங்கு, அலவாங்கு, குசினி, விசுக்கோத்து, லேஞ்சி, துவாய். எங்கட அம்மம்மாவை அந்த வகுப்பில கொண்டுபோய் விட்டால் பாதி விளங்கியிருக்கும்.

கபொயேராவில பாடாமல் ஆட ஏலாது. ஒருத்தர் எடுத்துக் குடுக்க, சுத்தி நிக்கிற எல்லாரும் திருப்பிப் பாட வேணும். பெரிம்பாவ் எண்டு ஒரு வாத்தியம், ஒரு வில், ஒரு கம்பி, கீழ ஒரு சுரைக்குடுவை. அதைக் கண்டவுடன எனக்கு வில்லுப்பாட்டு ஞாபகம் வந்திட்டுது. வில்லும் குடமும், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுறதும். ரெண்டுக்கும் தொடர்பு இருக்கெண்டு சொல்ல வரேல்லை, பெரிம்பாவ் ஆபிரிக்காவில இருந்து அடிமையாக் கொண்டுவரப்பட்ட சனத்தோட வந்த வில். ஆனால் கூட்டமாப் பாடேக்க உச்சரிப்புக்கு வெக்கப்படத் தேவையில்லை. பிழையாப் பாடினாலும் மற்றவையின்ர குரல் மூடிப்போடும். அடுத்த கிழமை பிழை தன்ர பாட்டில திருந்தியிருக்கும். அதனால நான் சாம்பா தெரியாதவன் அண்ணையின்ர கட்சி.

#6 சாவிக்கொத்து (சென்னை)

ரோதை அக்கா பட்டியலுக்கு எங்கள் பக்கத்துப் பங்கு: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பாதிரி, ஏலம், பீப்பாய், பொத்தான், மேஸ்திரி, அன்னாசி. தமிழ் முதலில் அச்சேறியதே லிஸ்பனில்தான், 1554இல், ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சான "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் 1578. ஜப்பானியரின் "அரிகாத்தோ"வும் "ஒப்ரிகாது"விலிருந்து வந்ததுதான் என்பார்கள்.

#7 தேஜோக்கரை

@சாவிக்கொத்து கடைசி வரியை மட்டும் அழித்துவிடுங்கள். போர்த்துகீசியர் ஜப்பானுக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல் அங்கே இருந்தது. ஒலி ஒன்றுபோல இருப்பதெல்லாம் உறவு ஆகாது. மீதிப் பட்டியல் சரி.

நீங்கள் எல்லாரும் பிரேசில் பேச்சையே போர்த்துகீசியம் என்று பேசுவதால் ஓர் எச்சரிக்கையும் வைக்கிறேன். எனக்கு இங்கே பேருந்து "அவுத்தொகாரு", அங்கே "ஓனிபுஸ்". ரயில் இங்கே "கொம்போய்யு", அங்கே "ட்ரெங்". போன வருடம் பிரேசிலின் சால்வதோரில் ஒரு பட்டறையில் கலந்துகொண்டபோது, பணம் எங்கே கட்டுவது என்று கேட்க "புரொப்பீனா எங்கே கொடுக்க வேண்டும்?" என்றேன். போர்ச்சுகலில் அது கல்விக் கட்டணம். பிரேசிலில் லஞ்சம். மேசையில் இருந்த பெண் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார், பிறகு அந்த அறையே சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது.

#8 காம்பினாஸ் மாமி (காம்பினாஸ்)

எனக்கு இலக்கணமும் தெரியாது, குதிக்கவும் வராது. கணவர் வேலைக்காக வந்தோம், இரண்டு பிள்ளைகள். என் பட்டறை, பிள்ளைகளின் பள்ளியில் நடக்கும் ஜூன் விழாதான். ஃபெஸ்தா ஜுனீனா என்பார்கள், ஜூன் 24 புனித யோவான் திருநாளைச் சுற்றி ஊரெல்லாம் நடக்கும். இங்கே அது அறுவடைக் காலம், சோளம் வந்து குவியும். கட்டம்போட்ட சட்டை, வைக்கோல் தொப்பி, குவாத்ரில்யா நடனம். பழைய நாளில் வெப்பக்காற்று பலூன் விடுவார்களாம், காடு பற்றிக்கொள்வதால் 1998லிருந்து அது குற்றம்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பே பெற்றோரை வாரம் இருமுறை கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். என்னைப் பமோஞ்ஞா கட்டும் கூட்டத்தில் போட்டார்கள். பச்சைச் சோளத்தை அரைத்து, அதன் மடலிலேயே பொட்டலமாகக் கட்டி வேகவைப்பது. பனையோலைக் கொழுக்கட்டை கட்டிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மற்ற அம்மாக்கள் கட்டியது வெந்நீரில் அவிழ்ந்துபோக, நான் கட்டியது நின்றது. அன்றைக்கு அவர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள், நான் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டது. சொல்லித்தரப் புகுந்தால்தான் வார்த்தை வருகிறது, கற்றுக்கொள்ளும்போது இல்லை. இதை யாராவது கவனித்திருக்கிறீர்களா?

இன்னொன்று. இவர்களுக்கு "ஆமாம்" சொல்லத் தெரியாது. "பிடிக்குமா?" என்றால் "பிடிக்கும்". "வந்துச்சா?" என்றால் "வந்துச்சு". வினைச்சொல்லையே திருப்பித் தருவார்கள். நம்மூர் மாதிரியே! ஆங்கிலத்தில் யோசித்து "சிங், சிங்" என்று தலையாட்டுவதை நிறுத்திய பிறகு என் பேச்சு பாதி சரியாகிவிட்டது. பிள்ளைகள் ஆசிரியையை "தியா" என்பார்கள், அத்தை என்று. வயதில் பெரிய பெண்களைத் "தோனா" போட்டுப் பெயர் சொல்ல வேண்டும்.

ஆனால் "வீட்டுக்கு ஒருநாள் வாங்க" என்றால் நிஜமாகவே கிளம்பிப் போய்விடாதீர்கள். அது விடைபெறும் வார்த்தை. நான் ஒரு டப்பா அதிரசத்தோடு போய் நின்றிருக்கிறேன். அந்தம்மா இரவு உடையில் கதவைத் திறந்தார். (இப்போது நல்ல சிநேகிதிகள்.)

#9 மூக்கொலி (பெங்களூரு)

மொழியியல் படித்தவன், பிரேசில் நிறுவனத்தோடு வேலை, இணையவழிப் பட்டறைகளில் மட்டும் கலந்துகொண்டவன். தமிழர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன்.

போர்த்துகீசியத்தில் எல்லாரும் திணறுவது மூக்கொலி உயிர்களில். நாமோ அதைத் தினமும் பேசுகிறோம். "மரம்" என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி ம் உதட்டில் முடிகிறதா? இல்லை. மூக்கால் ஒரு ஓ வந்து நிற்கிறது. "பணம்", "படம்" எல்லாமே அப்படித்தான். "வந்தான்" என்பதில் மூக்கால் ஒரு ஆ. "பொங்" என்கிற அவர்களது "நல்லது" என்ற சொல்லை, மரத்தின் கடைசி அசையைச் சொல்வதுபோல் சொல்லுங்கள், போதும். ஆங்கிலம் வழியாகக் கற்பதால்தான் ம்-ஐ உதட்டில் கடித்து முடிக்கிறோம். "ஞ"வும் நம்மிடம் தயாராக இருக்கிறது. மாமி "பமோஞ்ஞா" என்று எழுதியதே சான்று.

நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. அங்கே மாறும். "சாபியா" என்று முதலசையை அழுத்தினால் அறிவாளிப் பெண், நடுவில் அழுத்தினால் "தெரிந்திருந்தது", கடைசியில் அழுத்தினால் ஒரு பறவை, பிரேசிலின் தேசியப் பறவை அது. தேங்காய் வாங்கப் போகிறவர்கள் "கோக்கு" என்று முன்னால் அழுத்துங்கள். பின்னால் அழுத்தினால் அது குழந்தை டயப்பரில் இருக்கும் சமாசாரம்.

#10 சாம்பா தெரியாதவன்

@மூக்கொலி இதை இரண்டு வருடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? ரொட்டிக் கடையில் நான் ஏன் விரலை நீட்ட ஆரம்பித்தேன் என்று சொல்லவில்லை அல்லவா. ரொட்டியை மூக்கால் சொல்லாமல் வெறும் "பாவ்" என்று கேட்டேன். அது கட்டை. தெருப்பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கடைக்காரப் பையன் முகத்தை வைத்தே புரிந்துகொண்டேன்.

#11 வட்டமேசை வெறுப்பாளன் (லண்டன்)

எல்லாரும் புகழ்ந்துகொண்டே இருக்கிறீர்கள், கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இங்கே நான் போன "பிரேசில் கலாசாரப் பட்டறை"யில் ஆறு வாரமும் ஆங்கிலம்தான். முதல் வாரம் "சவுதாஜி" என்ற சொல்லை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது என்று ஒரு மணி நேரம். (ஏக்கம் என்று ஒரு சொல் இருக்கிறது ஐயா, என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.) இரண்டாம் வாரம் கார்னிவல் முகமூடிக்கு இறகு ஒட்டினோம். கையும் வேலையாகத்தான் இருந்தது, நாக்கு அவிழவில்லை. ஆகவே கை வேலை மட்டும் போதாது. உங்கள் பட்டறையில் பொலிவியாக்காரரும் ஹெய்ட்டிக்காரரும் இருந்தார்களே, உங்களுக்குள் பொதுவாக வேறு மொழியே இல்லை. அதுதான் மருந்து.

#12 சாம்பா தெரியாதவன்

ஒப்புக்கொள்கிறேன், நான் கவனிக்காத விஷயம். எங்கள் கூட்டத்தில் ஆங்கிலம் எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் செல்லாக்காசு.

இங்கே இருப்பவர்களுக்குத் தகவல்: சாவ் பாவ்லோ மாநகராட்சி 2017 முதல் "போர்தாஸ் அபேர்தாஸ்", அதாவது திறந்த கதவுகள், என்ற பெயரில் குடியேறியவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளிகளில் இலவசமாகப் போர்த்துகீசியம் கற்றுத்தருகிறது. கை வேலை வேண்டுமென்றால் செஸ்கி பொம்பேயா என்ற கலாசார மையம். பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை லீனா போ பார்தி என்ற கட்டடக் கலைஞர் இடிக்காமல் மாற்றிக் கட்டியது, 1982இல் திறந்தது. உள்ளே மண்பாண்டம், நெசவு என்று ஒஃபிசீனாக்கள், மேலே தனித்தனிக் கூரை இல்லாத அறைகளில். பக்கத்து அறைப் பேச்செல்லாம் காதில் விழும், மொழி பழக வருகிறவனுக்கு அது கொண்டாட்டம். லூஸ் ரயில் நிலையத்தில் போர்த்துகீசிய மொழிக்கே ஓர் அருங்காட்சியகம். 2015 டிசம்பரில் தீப்பிடித்து, 2021இல் மறுபடி திறந்தது.

@தேஜோக்கரை, வெளிநாட்டவருக்குப் பிரேசில் அரசு வைக்கும் செல்பி-பிராஸ் மொழித் தேர்விலேயே இலக்கணத்துக்குத் தனிக் கேள்வி கிடையாது. கேட்டு, படித்து, ஒரு காரியத்துக்காக எழுத வேண்டும். எல்லாருக்கும் ஒரே தாள், மதிப்பெண்ணை வைத்து நிலை. என்ன சொல்கிறீர்கள்?

#13 தேஜோக்கரை

தனிக் கேள்வி இல்லை என்றால் இலக்கணம் வேண்டாம் என்று அர்த்தமா? கடிதம் எழுதச் சொல்வார்கள், பிழையோடு எழுதினால் நிலை இறங்கும். சரி, அது கிடக்கட்டும். உங்கள் பட்டறை அம்மா சமையல் குறிப்பு தாளில் தருவாரா? ஒரு வரியை அப்படியே போடுங்களேன்.

#14 சாம்பா தெரியாதவன்

சென்ற வாரத்துத் தாள்: "குவாந்து ஃபெர்வேர், தெஸ்லீகா." கொதித்ததும் அடுப்பை அணை.

#15 தேஜோக்கரை

ஹா! அந்த "ஃபெர்வேர்" இருக்கிறதே, அதுதான் நான் இரண்டாம் பதிவில் சொன்ன எதிர்கால ஐயப்பாட்டு வடிவம். பார்க்க வினையின் மூலவடிவம் மாதிரியே இருக்கும், அதனால் கண்ணில் படாது. இதையே "இருக்கும்போது", "முடிந்தால்" என்று மற்ற வினைகளில் மாற்றினால் "ஃபோர்", "புதேர்" என்று உருவம் மாறும். வகுப்பில் எனக்கு இதற்கு ஒரு மாதம் ஆனது. நீங்கள் இத்தனை நாளாகச் சட்டிக்கு முன்னால் நின்று சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பாதிக் கட்சி மாறுகிறேன், மீதிப் பாதி வாடகை ஒப்பந்தத்துக்காக இங்கேயே இருக்கும்.

#16 ஜவ்வரிசி

செய்து பார்த்தேன். ஆலை மாவு, பாலாடைக்கட்டிக்குப் பதில் பனீர். பொங்கவே இல்லை, ரப்பர் பந்து. மாவைப் புளிக்க வைக்க மொட்டைமாடியில் ஒரு அண்டா வைத்திருக்கிறேன். வெயிலுக்கு எங்கள் ஊரில் குறைச்சல் இல்லை. அம்மாதான் நாற்றம் என்று திட்டுகிறார்.

#17 சாம்பா தெரியாதவன்

@ஜவ்வரிசி அண்ணே, நாற்றம் வந்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள்!

மாமி சொன்னது எனக்கும் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நான் நடத்த வேண்டுமாம். புட்டு செய்யப் போகிறேன். இங்கே வடகிழக்கு மாநிலத்தார் சோளமாவில் "குஸ்குஸ்" என்று ஒன்று ஆவியில் வேகவைப்பார்கள், அதற்கான பாத்திரமும் நம் புட்டுக்குடத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதிலேயே அரிசி மாவு வைத்துச் செய்யலாம் என்று திட்டம். ஒரே பிரச்சினை: மாவைப் பிசிறும் பதத்தை எப்படிச் சொல்வது? பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்.

#18 காம்பினாஸ் மாமி

"சொவ்ச்சீஞு" என்று சொல்லுங்க தம்பி. உதிரி உதிரியான சோற்றுக்கு இங்கே அதுதான் வார்த்தை. "ஈரம் இருக்கணும், ஆனா சொவ்ச்சீஞு." அதுக்கு மேல வாயால் சொல்லாதீங்க, அவங்க கையில மாவைக் கொடுத்துடுங்க.

#19 மூக்கொலி

தேங்காய்த்துருவல் கேட்கும்போது முன்னசை. முன்னசை!